பிறருடைய இரட்சிப்புக்காகச் சோர்ந்துபோகாமல் ஜெபிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துச் சபைகளில் ஜெபக்கூட்டம் முடிந்து பாய் சுருட்டும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வெளியே வரும். மேடையில் யாரும் கேட்காத அந்தக் கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறோம். கணவருக்காக, மகனுக்காக, மாமியாருக்காக, பக்கத்து வயல்காரருக்காகப் பல வருஷம் ஜெபித்துக் களைத்தவர்களை மனதில் வைத்துப் பதில் சொல்கிறோம்.

பன்னிரண்டு வருஷமாக வீட்டுக்காரருக்காக ஜெபிக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் ஜெபிக்கத்தான் வேண்டுமா?

வேண்டும். ஆனால் இந்தப் பன்னிரண்டு வருஷமும் என்ன கேட்டீர்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் “ஆண்டவரே, என் கணவரை இரட்சியும்” என்ற ஒரே வரிதான் இருக்கும். அந்த வரியில் தப்பில்லை. ஆனால் அது மட்டுமே இருந்தால், பதில் வந்ததா வரவில்லையா என்று பார்க்க கடைசி நாள் வரை வழியே கிடையாது. ஆள் களைத்துப்போவதற்குத் தாமதம் பாதிக் காரணம். ஜெபம் மங்கலாக இருப்பது மீதிப் பாதி. லூக்கா 18-ஆம் அதிகாரத்து உவமையில் வரும் விதவை நியாயாதிபதியிடம் “எனக்கு ஏதாவது நல்லது செய்யும்” என்று போகவில்லை. எதிராளி யார், வழக்கு என்ன, எந்த வாசலில் நிற்க வேண்டும் என்று தெரிந்து போனாள். அதனால்தான் திரும்பத் திரும்பப் போக முடிந்தது.

அந்த ஒற்றை வரியை வேதம் சொல்லும் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மனக்கண் குருடாயிருக்கிறது என்கிறது 2 கொரிந்தியர் 4:4. அந்தக் கண் திறக்கக் கேட்கலாம். கல்லான இருதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இருதயத்தைத் தருவேன் என்கிறது எசேக்கியேல் 36:26, அதைக் கேட்கலாம். அறுப்புக்கு ஆட்களை அனுப்பும்படி கேளுங்கள் என்றார் இயேசு (மத்தேயு 9:38). அந்த ஆள் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் கணவர் மதிக்கிற ஒரு விசுவாசி, உரக்கடையிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ அவரோடு பழக வேண்டும் என்று கேட்கலாம். நான்காவது, அவர் மனதில் உள்ள குறிப்பான தடை. பலருக்கு அது இயேசுவைப் பற்றிய தடையே அல்ல. சபைக்காரர் ஒருவர் வாங்கிய கடனைத் திருப்பித் தராதது, தங்கை கல்யாணத்தில் நடந்த அவமானம் மாதிரி ஏதாவது ஒன்றாக இருக்கும். அதைப் பேர் சொல்லிக் கேளுங்கள். வாரத்துக்கு ஒரு துண்டு போதும்.

ஒரு நாளைக்கு எத்தனை பேருக்காக, எவ்வளவு நேரம்?

தினமும் ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். பதினைந்து நிமிஷம் போதும். மற்ற பெயர்களைக் கிழமைக்கு இரண்டு மூன்றாகப் பிரித்து வையுங்கள்: திங்கள் நாத்தனார் வீடு, செவ்வாய் தெருக்காரர்கள், புதன் வேலையிடம் என்று. ஆர்வத்தில் நாற்பது பெயர் எழுதியவர்கள் மூன்றாவது வாரம் பெயர்ப்பட்டியலை வாசித்துவிட்டு ஆமென் சொல்வதில் வந்து நிற்பார்கள். ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது மாதிரி ஆகிவிடும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் 1844 நவம்பரில் ஐந்து பேருடைய மனந்திரும்புதலுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். முதல் ஆள் வர 18 மாதம். இரண்டாம் ஆள் வர ஐந்து வருஷம். மூன்றாம் ஆளுக்கு ஆறு வருஷம். 36 வருஷம் கழித்தும் இரண்டு பேர் வரவில்லை என்றும், இன்னும் தினமும் ஜெபிக்கிறேன் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஊருக்கெல்லாம் ஜெபவீரர் என்று தெரிந்த மனுஷருக்கே கணக்கு இப்படித்தான் இருந்தது. ‘நாற்பது நாளில் குடும்ப இரட்சிப்பு’ என்று காணிக்கையோடு சேர்த்து விற்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

ஜெப நோட்டு எப்படி எழுதுவது?

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் 40 பக்க நோட்டு போதும். ஒரு ஆளுக்கு எதிரெதிராக இரண்டு பக்கம். இடது பக்கத்தில் தேதியும் கேட்டதும். வலது பக்கத்தில் தேதியும் நடந்ததும். வலது பக்கத்தில் பெரிய அற்புதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம், சின்னதையும் எழுதுங்கள். ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

இடது: “ஜூன் 3. பெ. அண்ணன். சபை என்றாலே எரிந்து விழுவது குறைய வேண்டும்.” வலது: “ஜூன் 19. அறுப்பின் பண்டிகை எப்போ என்று அவராகவே கேட்டார். வேறு எதுவும் பேசவில்லை.”

இந்த வலது பக்கத்தை ஆறு மாதம் கழித்துப் புரட்டினால்தான் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்பது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியும். ஒரு எச்சரிக்கை: முழுப்பெயர் எழுதாதீர்கள், அவருடைய குடி, கடன், தொடுப்பு எதையும் எழுதாதீர்கள். நோட்டு ஒரு நாள் அவர் கையில் கிடைக்கத்தான் செய்யும். கிடைக்கும்போது அதில் தன்மேல் உள்ள அன்பை அவர் வாசிக்க வேண்டும். குற்றப்பத்திரிகையை வாசித்தால் அத்தனை வருஷத்து உழைப்பும் ஒரே சாயங்காலத்தில் போய்விடும்.

என்ன வார்த்தை சொல்லி ஜெபிப்பது? எனக்கு ஐயர் (போதகர்) மாதிரி ஜெபிக்க வராது.

ஐயர் மாதிரி வர வேண்டாம். முதலில் நன்றி, பிறகு அந்த வாரத்துக் காரியம், பிறகு உங்கள் பங்கு. இப்படி:

“பிதாவே, இவரை எனக்குத் தந்ததுக்கு நன்றி. நேத்து ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல்னதும் மழையில சைக்கிளை எடுத்துக்கிட்டு மருந்து வாங்கப் போனாரே, அதுக்கும் நன்றி. இந்த வாரம் அவர் மனசுல இருக்கிற அந்தப் பழைய கோபத்தைத் தளர்த்தும். நான் பேசக்கூடாத இடத்துல என் வாயை அடக்கும். பேச வேண்டிய ஒரு நேரம் வந்தா ஒரு வரி கொடும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.”

நன்றியை விட்டுவிடாதீர்கள். அது அலங்காரத்துக்குச் சொல்வதல்ல. ஒரு ஆளின் குறைகளை மட்டுமே தினமும் தேவனிடம் அடுக்கினால், ஆறே மாதத்தில் நீங்களே அவரைக் குறைகளாக மட்டும் பார்க்கப் பழகிவிடுவீர்கள்.

‘உங்களுக்காக ஜெபிக்கிறேன்’ என்றாலே அவருக்குக் கோபம் வருகிறது.

அப்படியானால் சொல்லாதீர்கள். ஜெபிப்பது தேவனிடம், அவரிடம் ரசீது காட்ட வேண்டியதில்லை. மனைவி போதனையில்லாமலே, நடக்கையினால் கணவனை ஆதாயப்படுத்தலாம் என்று பேதுரு எழுதியிருக்கிறார் (1 பேதுரு 3:1,2). நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர். சாமி படம் இருந்த இடத்தில் வசனக் காலண்டரை மாட்டுவது, அவர் சாப்பிட உட்காரும்போது டிவியில் பிரசங்கத்தைச் சத்தமாக வைப்பது, அவர் காதில் விழட்டும் என்றே குரலை உயர்த்தி ஜெபிப்பது. அது ஜெபமே அல்ல, சுவர் வழியாகப் பிரசங்கம். ஆளுக்கும் அது நன்றாகப் புரியும்.

இந்த விஷயத்தில் மோனிக்காவின் கதை ரொம்பப் பொருத்தம். வட ஆப்பிரிக்காவில் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், பின்னாளில் சபையின் பெரிய போதகரான அகுஸ்தினாரின் தாய். தன் மகனைக் கூப்பிட்டு வாதாடித் திருத்துங்கள் என்று ஒரு பிஷப்பிடம் கெஞ்சினார். அவர் மறுத்துவிட்டார். இப்போது அவன் கேட்கிற நிலையில் இல்லை, விட்டுவிடு, ஜெபம் மட்டும் பண்ணு, வாசித்து வாசித்து அவனே தெரிந்துகொள்வான் என்றார். மோனிக்கா விடாமல் அழ, இத்தனை கண்ணீருக்குப் பிள்ளையானவன் கெட்டுப்போக முடியாது என்று சொல்லி அனுப்பினார். கண்ணீரைப் பற்றிய பாதியை எல்லாப் பிரசங்கத்திலும் கேட்கலாம். ‘விட்டுவிடு’ என்ற பாதியை யாரும் சொல்வதில்லை.

ஜெப எண்ணெயைக் குழம்பில் கலந்து கொடுக்கலாமா? தலையணைக்கு அடியில் வசனச் சீட்டு வைக்கலாமா?

கூடாது. இதைக் கேட்கிறவர்கள் நிறையப் பேர் என்பதால் விளக்கமாகவே சொல்கிறோம். யாக்கோபு 5:14-இல் எண்ணெய் வருகிறது. அங்கே வியாதிப்பட்டவன் தானே மூப்பர்களை வரவழைக்கிறான், அவனுக்குத் தெரிந்தே பூசுகிறார்கள். தெரியாமல் சாப்பாட்டில் கலப்பதற்கு வேதத்தில் இடமில்லை. அதோடு, ‘பெண்டாட்டி மருந்து வெச்சுட்டா’ என்ற பேச்சு நம் ஊர்களில் எவ்வளவு விஷமானது என்று உங்களுக்கே தெரியும். அடுக்களை அலமாரியில் அந்தச் சீசாவைப் பார்த்துவிட்டால் மாமியார் அதைச் செய்வினை என்றுதான் சொல்வார். சொன்னால் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆளுக்குத் தெரியாமல் ஆளை மாற்றப் பார்ப்பது மந்திரவாதத்தின் வழி. சுவிசேஷம் காதால் கேட்டு, மனதால் ஒப்புக்கொள்ள வேண்டிய காரியம்.

உபவாசம் இருந்தால் சீக்கிரம் நடக்குமா?

உபவாசம் தேவனை அவசரப்படுத்தாது. நம் மனதை ஒரு பக்கமாகத் திருப்பும், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம். முதலில் வாரத்தில் ஒரு நாள் ஒரு வேளை விடுங்கள். காலைச் சாப்பாட்டை விட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டு, சமைத்துச் சாப்பிடும் அந்த அரை மணியை அந்த ஐந்து பேருக்குக் கொடுங்கள். சாப்பாட்டை விட்டுவிட்டு அந்த நேரத்தில் துணி துவைத்தால் அது வெறும் பட்டினி. முடிக்கும்போது கஞ்சியோ இட்லியோ போதும்.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கிற தாய்மார்கள் சாப்பாட்டை விடக்கூடாது. மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து, கைநடுங்கி மயக்கம் வரும். சாப்பிடவில்லையே என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. இவர்கள் சீரியலையோ செல்போனையோ ஒரு நாள் விடலாம். வெயிலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற நாளில் தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம் யாருக்குமே வேண்டாம்.

குறுவை நடவு தொடங்கினால் விடியற்காலையிலேயே வேலைக்குப் போக வேண்டும். ஜெப நேரமே போய்விடுகிறது.

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் வீட்டு நேரமெல்லாம் மாறித்தான் போகும். அந்த ஆறேழு வாரத்துக்குப் பதினைந்து நிமிஷத்தைப் பிடித்து வைக்கப் பார்த்துத் தோற்றுப்போய், பிறகு மொத்தமாக விடுகிறவர்களே அதிகம். ஆளுக்கு ஒரு வரியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். வயலுக்கு நடக்கும்போது ஒரு பெயர், நாற்றுமுடி அவிழ்க்கும்போது ஒரு பெயர். நெகேமியா ராஜா கேள்வி கேட்டதற்கும் தான் பதில் சொன்னதற்கும் நடுவில் ஜெபித்தவர் (நெகேமியா 2:4,5). நோட்டு நடவு முடிந்ததும் தொடரட்டும்.

ஜெபக்கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்கலாமா? வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

வாட்ஸ்அப்பில் பெயரும் விஷயமும் சேர்த்துப் போடாதீர்கள். 120 பேர் உள்ள குழுவில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் போதும், இரண்டு நாளில் அவருடைய மச்சானிடம் போய்ச் சேரும். ‘ஒரு குடும்பத்துக்காக’ என்று போடலாம். தேவனுக்கு விலாசம் தெரியும்.

ஜெபத் துணைக்கு இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு மூன்று பேராக இருங்கள். அரை மணி நேரம்: ஐந்து நிமிஷம் பகிர்வு, இருபத்தைந்து நிமிஷம் ஜெபம். நடப்பது தலைகீழாக இருக்கும். கதை சொல்லி முடிக்கவே நேரம் போய், கடைசியில் அவசர அவசரமாக ஒரு ஜெபம். ‘திறப்பிலே நிற்க’, அதாவது சுவர் உடைந்த இடத்தில் நின்று காக்க, ஒரு மனுஷனைத் தேடினேன் என்கிறது எசேக்கியேல் 22:30. ஐப்பசி மழையில் கொள்ளிடக் கரை உடைப்பெடுத்தால் ஊரே மண்மூட்டை தூக்கிக்கொண்டு ஓடும். கரை ஏன் பலவீனமானது என்ற விசாரணை தண்ணீர் நின்ற பிறகுதான். பகிர்வு நீளும்போது யாராவது ஒருவர் மூட்டையைத் தூக்கச் சொல்ல வேண்டும்.

கேட்டதற்கு நேர் மாறாக நடந்துவிட்டது. மகனை ஊரிலேயே வைத்திரும் என்று ஜெபித்தேன். அவன் சிங்கப்பூர் போய்விட்டான், சபையையும் விட்டுவிட்டான்.

மறுபடியும் மோனிக்காதான். மகன் ரோமாபுரிக்குக் கப்பலேறக்கூடாது என்று கடற்கரைக்கு அருகே இருந்த ஒரு ஆலயத்தில் இரவெல்லாம் அழுது ஜெபித்தார். மகன் பொய் சொல்லிவிட்டு அந்த இரவே கப்பலேறிப் போனார். ஆனால் ரோமாபுரி போனதால்தான் மிலானுக்குப் போனார். அங்கேதான் அம்புரோசு பிஷப்பின் பிரசங்கத்தைக் கேட்டார். 387-இல் ஈஸ்டர் சமயத்தில் அவரிடமே ஞானஸ்நானம் பெற்றார். அன்றைக்கு என் தாய் கேட்டதைத் தராமல், எப்போதும் கேட்டதைத் தந்தீர் என்ற கருத்தில் அகுஸ்தினாரே இதை எழுதியிருக்கிறார். மோனிக்கா அதே வருஷம் இறந்தார், பலனைப் பார்த்துவிட்டு.

உங்கள் மகனும் இப்படியே வருவான் என்று இதை வைத்து யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் ‘எங்கே இருக்கிறான்’ என்ற ஜெபத்தையும் ‘யாருடையவனாக இருக்கிறான்’ என்ற ஜெபத்தையும் நோட்டில் தனித்தனி வரியாக எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல. சிங்கப்பூரில் தமிழ்ச் சபைகள் உண்டு. அங்கே அவன் வயதுக்காரன் ஒருவன் அவனுக்கு அறைத்தோழனாக வர வேண்டும் என்று கேட்கலாம். வாராவாரம் போனில் ‘கோயிலுக்குப் போனியா’ என்று மட்டும் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

பிதா இழுத்துக்கொண்டால்தான் ஒருவன் வருவான் என்றால் (யோவான் 6:44), நாம் எதற்கு ஜெபிக்க வேண்டும்?

அதனால்தான் ஜெபிக்க வேண்டும். நம்மால் இழுக்க முடியும் என்றால் ஜெபத்துக்கு வேலையே இல்லை, பேச்சுத்திறமை போதும்.

அவர் குடித்துவிட்டு அடிக்கிறார். அவருக்காக ஜெபிக்க மனசே வரவில்லை.

முதலில் பத்திரமாக இருங்கள். அவருக்காக ஜெபிப்பது வேறு, அவரிடம் அடி வாங்கிக்கொண்டு இருப்பது வேறு. பொறுமை என்ற பெயரில் இரண்டையும் ஒன்றாக்கி ஆலோசனை சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181, இரவிலும் கூப்பிடலாம். அம்மா வீட்டில் இருந்துகொண்டும் ஜெபிக்கலாம், தூரம் தடையில்லை. மனசு வராத நாளில் சங்கீதக்காரன் மாதிரி உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: “எனக்கு இவர்மேல கோபம். இன்னிக்கு இவருக்காக ஒண்ணும் கேட்க முடியலை.” அதுவும் ஜெபம்தான். உங்களுக்குப் பதிலாக அந்த இரண்டு தோழிகள் அவர் பெயரைச் சொல்லட்டும்.

எங்கள் வீட்டில் எல்லோரும் பரம்பரைக் கிறிஸ்தவர்கள். அவர்களுக்காகவும் இப்படி ஜெபிக்க வேண்டுமா?

தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலை 9-இல் வந்து இறங்கியதிலிருந்து கணக்கிட்டால், இந்தப் பக்கத்துச் சில குடும்பங்களுக்குப் பத்துத் தலைமுறைக்கு நெருக்கமான கிறிஸ்தவம். ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருக்கும், கல்லறைத் தோட்டத்தில் இடம் இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. இவர்களுக்காக ஜெபிப்பதுதான் கடினம். தேவை என்று அவர்களுக்கும் தோன்றாது, நமக்கும் தோன்றாது. பட்டியலில் ஐந்து பேர் என்றால் ஒருவராவது சபைக்குள்ளே இருப்பவராக இருக்கட்டும்.

ஜெபித்துக்கொண்டே இருந்தேன், அவர் அப்படியே இறந்துவிட்டார். என் ஜெபம் வீணா?

இதற்கு இரண்டு வரியில் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கத்தோலிக்கர் இறந்தவருக்காகத் தொடர்ந்து ஜெபிப்பார்கள், லுத்தரன், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகள் அப்படிக் கற்பிப்பதில்லை. எந்தச் சபையானாலும், ஒரு மனுஷனின் கடைசி மணி நேரத்தில் அவனுக்கும் தேவனுக்கும் நடுவே என்ன நடந்தது என்ற கணக்கு நம் கையில் இல்லை. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்காக வீட்டில் யாராவது ஜெபித்திருந்தால், அவன் இரட்சிப்பு அவர்கள் காதுக்கு எட்டியிருக்குமா?

தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா அருகே உள்ள சுவார்ட்ஸ் ஆலயத்தில் ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம் இருக்கிறது. மரணப் படுக்கையில் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், பக்கத்தில் தஞ்சாவூர் மன்னர் சரபோஜி. முந்தைய மன்னர் துளஜா, தன் சுவீகாரப் பிள்ளையான இந்தச் சரபோஜியைச் சுவார்ட்ஸின் பொறுப்பில் விட்டுப்போனார். ஐயர் அவரைத் தந்தை மாதிரி பார்த்துக்கொண்டார். 1798 பிப்ரவரி 13-இல் ஐயர் இறந்தார். லண்டன் சிற்பி பிளாக்ஸ்மனிடம் சொல்லி அந்தச் சிற்பத்தைச் செய்வித்தவர் சரபோஜிதான். கல்லறைக்கு ஆங்கிலத்தில் கவிதையும் எழுதினார். ஞானஸ்நானம் பெறவில்லை, கடைசிவரை சைவராகவே இருந்தார். அதே சுவார்ட்ஸிடம் வளர்ந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை நாம் இன்றும் பாடுகிறோம். ஒரே கைதான் இருவரையும் வளர்த்தது. அன்பு இரண்டு பேர் வாழ்க்கையிலும் தங்கியது, ஆனால் ஒரே விதமாக அல்ல. ஏன் என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

அவராகவே ‘ஞாயிற்றுக்கிழமை நானும் வரேன்’ என்கிறார். இப்போது என்ன செய்வது?

ஆர்ப்பாட்டம் செய்யாதீர்கள். பத்து வருஷ ஜெபத்துக்குப் பிறகு வந்த ஆளை முதல் வாரமே எழுப்பி நிறுத்தி, கைதட்டி, சாட்சி சொல்லச் சொன்னால் இரண்டாம் வாரம் வரமாட்டார். போதகரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வாசலுக்கு அருகில் பின் வரிசையில் உட்காருங்கள். எழுந்து போக நினைத்தால் போக முடியும் என்பதே பலரை உட்கார வைக்கும். திரும்பி வரும் வழியில் ‘எப்படி இருந்துச்சு’ என்று கேட்காதீர்கள். கறி எடுக்கணுமா என்று கேளுங்கள்.

வாசிக்கக் கேட்டால் மாற்கு சுவிசேஷத்தைக் கொடுங்கள். 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று என்றால் இரண்டு வாரச் சொச்சம். பழைய மொழிபெயர்ப்பின் ‘பண்ணக்கடவன்’ தடுக்கினால் எளிய தமிழில் வந்ததைக் கொடுங்கள். ஞானஸ்நானத்துக்கு அவசரம் வேண்டாம்; முன் ஆயத்த வகுப்பு இருந்தால் முழுவதும் உட்காரட்டும், கேள்வி கேட்கட்டும், வேண்டாம் என்று சொல்லவும் இடம் இருக்கட்டும்.

நோட்டில் அவர் பக்கத்தை மூடிவிடாதீர்கள். இடது பக்கத்தில் அடுத்த தேதியைப் போட்டு எழுதுங்கள்: “குளத்தங்கரைச் சிநேகிதர்கள் கிண்டல் பண்ணும்போது தாங்க வேண்டும்.”